பசியாறியாச்சா: என் முதல் சொந்தப் பாட்டைப் பதிவு செய்த ஏழு மாதம்

நான்கு வருடத்தில் 31 கவர் பாடல்கள், அதாவது பிறர் பாடிய பாட்டுகளை மறுபடி என் குரலில் பாடிப் பதிவேற்றியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே முறைதான். மூலப் பாட்டைக் காதில் நூறு தடவை ஓட விடுவேன். பாடகி எங்கே மூச்சு வாங்குகிறாரோ அங்கே நானும் வாங்குவேன், எங்கே குரலைக் குழைக்கிறாரோ அங்கே குழைப்பேன். அப்புறம் குரல் இல்லாமல் இசை மட்டும் ஓடும் மைனஸ் ஒன் டிராக்கைப் போட்டுப் பாடி, கைப்பேசியில் காணொளி எடுத்து ஏற்றிவிடுவேன். சனி, ஞாயிறுகளில் பட்டர்வொர்த், சுங்கை பட்டாணி பக்கம் கல்யாண மண்டபங்களில் அதே பாட்டுகள். வார நாட்களில் மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ் டவுனில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை.

இந்த வருடத் தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் இரண்டு பக்திப் பாட்டு பாடினேன். இறங்கி வந்தபோது ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பாட்டுல வர்ற பொண்ணு மாதிரியே பாடுற ஆயி, நல்லா இரு" என்றார். மனசார வாழ்த்தினார். நானும் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் 'மாதிரியே' என்ற அந்த ஒரு சொல் கூடவே வந்தது. அந்த வாரமே ஒரு சொந்தப் பாட்டு எழுதிப் பதிவு செய்வது என்று முடிவெடுத்தேன். எங்கே சரியாக வந்தது, எங்கே பிழைத்தது, எப்படிச் சரி செய்தேன் என்பதை அப்போதிருந்தே ஒரு நோட்டில் எழுதி வந்தேன். கவர் பாடுகிறவர்கள் நம்மூரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் தப்பு: வாடகை பீட்

மெட்டு போடத் தெரியும், இசைக்கோவை செய்யத் தெரியாது. அதனால் இணையத்தில் பீட், அதாவது மேலே பாடிக்கொள்ளத் தயாராக இருக்கும் பின்னணி இசை, விற்கும் ஒரு தளத்தில் நூற்றுச் சொச்சம் வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஒன்றை வாங்கினேன். இரண்டு வாரம் அதன்மேல் பாடிப் பார்த்தேன். பிறகு ஒருநாள் அதே பீட்டில் வேறு யாரோ பாடிய பாட்டு கண்ணில் பட்டது. தேடினால் இன்னும் இரண்டு. உரிமத்தை அப்போதுதான் முழுசாகப் படித்தேன். நான் வாங்கியது தனியுரிமை இல்லாத உரிமம். அதே பீட்டை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் அவர்கள் விற்கலாம், நான் அதை வைத்துச் செய்த பாட்டை, உரிமையாளர் யார் என்று கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் பதிவு செய்யக் கூடாது. விற்றவர்கள் எதையும் மறைக்கவில்லை. நான்தான் படிக்காமல் வாங்கினேன். பீட் வாங்குவது தவறில்லை. ஆனால் சொந்தப் பாட்டு என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல நினைப்பவர்கள் அந்த ஒரு பக்கத்தைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அதற்குப் பிறகுதான் கல்யாண மண்டபங்களில் எனக்குக் கீபோர்டு வாசிக்கும் அண்ணனிடம் போனேன். வயது ஐம்பதைத் தாண்டியவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் முதலில் பேசியது அலிகேட்ஸ் பற்றி. பினாங்கிலிருந்து கிளம்பிய குழு, டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் பாடியது. ஹாங்காங் விடுதிகளில் பிறருடைய ஆங்கிலப் பாட்டுகளைப் பாடிப் பழகியவர்கள், பின்னால் மலாய் மொழியில் சொந்தப் பாட்டுகளோடு வந்து நாடு முழுவதையும் தங்கள் பக்கம் திருப்பினார்கள். லோகநாதன் 2007-இல் மறைந்தார். அவர் குரலை இன்றைக்கும் ஒரு வரியில் கண்டுபிடித்துவிடலாம். "அடுத்தவங்க பாட்டு பாடுறது பள்ளிக்கூடம்மா. யாரும் பள்ளிக்கூடத்துலயே குடியிருக்கிறதில்ல" என்றார் அண்ணன்.

அறையைச் சரி செய்தது

ஆயர் ஈத்தாம் பக்கம் நான்காம் மாடியில் எங்கள் வீடு. லிப்ட் இல்லாத பழைய பிளாட். என் அறை 3 மீட்டருக்கு 2.7 மீட்டர். சிமெண்டுச் சுவர், ஓட்டுத் தரை, கண்ணாடிப் பட்டைகள் வைத்த சன்னல். கை தட்டினால் 'டர்ர்' என்று ஒரு நடுக்கம் கேட்கும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி பந்து மாதிரி அடித்துத் திரும்புவதால் வருவது அது. கவர் பாடும்போது இதைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை. மேலே எக்கோவை அள்ளிப் போட்டால் மறைந்துவிடும்.

முதலில் முட்டை அட்டைகளை ஒட்டிப் பார்த்தேன். எல்லோரும் சொல்வதுதானே. ஒன்றுக்கும் உதவவில்லை. மெல்லிய அட்டை மிக உயர்ந்த ஒலிகளை மட்டும் கொஞ்சம் மழுக்கும், குரலின் உடம்பு இருக்கிற இடத்தில் கை வைக்காது. போதாததற்குத் தீப்பிடிக்கிற பொருள் வேறு. கழற்றி எறிந்துவிட்டு வன்பொருள் கடையிலிருந்து ராக்வூல் என்ற ஒலி உறிஞ்சும் நார்ப் பலகைகள் ஆறு வாங்கினேன். ஒவ்வொன்றும் 1200 மில்லிமீட்டர் நீளம், 600 அகலம், 50 கனம். மரச் சட்டம் அடித்து, பலகையை உள்ளே வைத்து, துணி போர்த்தி, பின்பக்கம் ஸ்டேப்ளரால் தைத்தேன். துணியை வாயில் வைத்து ஊதிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். மூச்சு தாராளமாக உள்ளே போனால் ஒலியும் போகும். ரெக்சின் மாதிரித் துணி என்றால் ஒலி அதில் பட்டுத் திரும்பிவிடும். ராக்வூல் நார் தோலில் பட்டால் அரிக்கும், மூச்சில் போகவே கூடாது. கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு மொட்டைமாடியில் வைத்து வெட்டினேன். மரம், துணி எல்லாம் சேர்த்து முந்நூறு வெள்ளிக்குள் முடிந்தது.

இனி ஒரு முக்கியமான விஷயம். பலகைகளை மைக்குக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும் என்று நினைத்து அப்படியே செய்தேன். அப்புறம்தான் உறைத்தது. என்னுடையது ஒருபக்கம் கேட்கிற கார்டியாய்டு மைக். அதன் முகம் என்னைப் பார்க்கிறது, முதுகுப் பக்கம் அதற்குக் காது மந்தம். அப்படியென்றால் அது என் குரலோடு சேர்த்துக் கேட்பது என் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரை. ஆகவே மூன்று பலகைகளை எனக்குப் பின்னால் அரைவட்டமாக, சுவரிலிருந்து ஒரு கையளவு தள்ளி நிறுத்தினேன். அந்த இடைவெளி கீழ்ஸ்தாயியை இன்னும் கொஞ்சம் உறிஞ்ச உதவும். பக்கத்துக்கு ஒன்று, மைக்குக்குப் பின்னால் ஒன்று. மறுபடி கை தட்டினேன். 'டப்' என்று விழுந்து அங்கேயே அடங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்க எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா! அம்மாவைக் கூப்பிட்டுத் தட்டச் சொன்னேன். அவரும் இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, "பஞ்சுக் கடைக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

அடுத்தது இரைச்சல். பதிவில் அடியில் ஒரு 'ம்ம்ம்' ஓடிக்கொண்டே இருந்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதற்கும் அதன் மடங்குகளுக்கும் உரிய முனகல் அது. கேபிளை மாற்றினேன், வேறு பிளக்கில் செருகினேன், போகவில்லை. கடைசியில் மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கியதும் ஒரே நொடியில் நின்றது. அன்றிலிருந்து பதிவு முழுக்கப் பேட்டரியில்தான். சார்ஜ் போட்டுவிட்டு அம்மாவோடு கோப்பி குடிக்கும் நேரம்தான் இடைவேளை.

மற்ற இரைச்சலுக்கு மருந்து நேரம் பார்ப்பதுதான். விசிறியை நிறுத்த வேண்டும், சன்னலைச் சாத்த வேண்டும். பகலில் 30 டிகிரிக்கு மேல் போகும் ஊரில் பத்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும். மழை வந்தால் எல்லாமே நின்றுவிடும். ஐந்து வேளை பாங்கு ஒலிக்கும் நேரத்தைச் சுவரில் எழுதி வைத்தேன். சனிக்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரைதான் எங்கள் பிளாட் மிக அமைதியாக இருக்கும் நேரம் என்று மூன்று வாரம் கவனித்ததில் தெரிந்தது.

சுத்தமான சத்தம், யாருடைய குரல்?

ஏப்ரலில் முதல் பதிவை அண்ணனுக்கு அனுப்பினேன். இரைச்சல் இல்லை, எதிரொலி இல்லை, சுருதி அச்சாக நிற்கிறது. அவர் இரண்டு தடவை கேட்டுவிட்டு அழைத்தார். "சத்தம் சுத்தமா இருக்கும்மா. ஆனா இது யாரு பாடுறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏனென்றால் அவர் சொன்னது உண்மை. பல்லவியில் ஒரு பாடகியின் பாவனை, சரணத்தில் இன்னொருவருடையது. 'ஆ' என்று இழுக்கும் இடத்தில் மூன்றாமவர். அறையையும் மைக்கையும் ஒரு மாதமாகச் சரி செய்துகொண்டிருந்தேன், பழுது அங்கே இல்லவே இல்லை.

அண்ணன் வீட்டுக்கு வந்தார். கைப்பேசியில் சுருதி காட்டும் செயலியைத் திறந்து வைத்துவிட்டு, "நேத்து ஆபீஸ்ல என்ன நடந்துச்சு, சும்மா சொல்லு" என்றார். நான் பேசப் பேச முள் 196 ஹெர்ட்ஸைச் சுற்றியே ஆடியது. அதாவது என் பேச்சுக்குரல் நிற்பது தாழ்ந்த ஜி சுரத்தில். பாட்டின் ஆதார சுருதியை நான் வைத்திருந்ததோ 6 கட்டையில், அதாவது ஏ சுரத்தில். ஏன் 6 கட்டை என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. நான் கவர் பாடிய பாடகிகள் பலர் அந்த உயரத்தில் பாடியதால் தொண்டை அங்கேயே போய் நின்றது. உச்சத்தில் மேல் பஞ்சமத்தைத் தொடும்போது 659 ஹெர்ட்ஸ். எட்ட முடிகிறது, ஆனால் எட்டுவதற்கே முழு பலமும் போய்விடுகிறது. அர்த்தத்துக்கு மிச்சம் ஒன்றும் இல்லை.

அரைக் கட்டை அரைக் கட்டையாக இறக்கிக்கொண்டே வந்தோம். ஐந்தரை, ஐந்து, நாலரை. 4 கட்டையில், எஃப் சுரத்தில், அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். அதற்கு முன்பு எட்டிப் பார்க்கவில்லை. அண்ணன் கையை எடுத்துவிட்டார். "இங்கேயே நில்லு."

பெண் குரலுக்கு 4 கட்டை தாழ்வு என்பார்கள். என் சங்கீத டீச்சர் ஐந்தரையில் பாடுபவர், அதைத்தான் எனக்கும் பழக்கினார். இந்தப் பாட்டுக்கு நான்குதான் வீடு. மேல் பஞ்சமம் 523 ஹெர்ட்ஸுக்கு இறங்கியது. கீழ்ஸ்தாயி நிஷாதம் 156-ஐத் தொட்டது. அந்தக் கீழ் சுரம் எனக்குள் இருப்பதே தெரியாமல் இத்தனை வருடம் பாடியிருக்கிறேன். எந்த மைனஸ் ஒன் டிராக்கும் என்னை அங்கே கூட்டிப்போனதில்லை.

ஒரு சொல்லின் கதை

குரல் இறங்கி உட்கார்ந்ததும் வரிகளின் பொய் வெளியே தெரிந்தது. மெட்டு சுத்த தன்யாசியில் இருந்தது. ஸ, க, ம, ப, நி என்று ஐந்தே சுரம், கிட்டாருக்கும் பொருந்தி வரும். பல்லவியின் சந்தம் 'தனதான தானா'. நான் எழுதியிருந்த முதல் வரி 'நிலவாகி வந்தாய்'. அதைத் தொடர்ந்து தென்றல், மார்கழிப் பனி, கொலுசு. மார்கழிப் பனியை நான் பார்த்ததே கிடையாது. பினாங்கில் யாரும் பார்த்ததில்லை. பாட்டு என்றாலே இப்படித்தான் எழுத வேண்டும் என்று கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறேன். குரலைக் கடன் வாங்கியது போலவே சொல்லையும் கடன் வாங்கியிருந்தேன்.

பாட்டு யாரைப் பற்றி என்று அண்ணன் கேட்டார். அம்மாவைப் பற்றி என்றேன். "அம்மாகிட்ட நீ நிலவுன்னா பேசுவ?"

அம்மா பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். 1972-இல் அங்கே தடையற்ற வர்த்தக வட்டாரம் தொடங்கியதிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் அந்த வேலையில் நிமிர்ந்திருக்கின்றன. எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. நான் இடைநிலைப் பள்ளியில் படித்தபோது அம்மாவுக்குப் பெரும்பாலும் இரவு வேலை. விடியாத நேரத்தில் கம்பெனி பஸ் கீழே நிற்கும். அவர் படியேறி வருவார், நான் பள்ளிக்கூடப் பையோடு இறங்குவேன். படியில் பார்த்துக்கொள்வோம். "பசியாறியாச்சா?" என்று அவர் கேட்பார், "ஆச்சும்மா" என்பேன். சில நாட்களில் அவ்வளவுதான் எங்கள் பேச்சு. தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்கள் இந்தச் சொல்லைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். நமக்கு அது காலை உணவு, நலம் விசாரிப்பு, அன்பு எல்லாம்.

நோட்டில் 'தனதான தானா' என்று எழுதி அதன் கீழ் மாத்திரை பிரித்துப் பார்த்தேன். ப, சி குறில். யா நெடில். றி குறில். யாச், சா நீளம். 'நிலவாகி வந்தாய்' போய், 'பசியாறி யாச்சா' அப்படியே உட்கார்ந்தது. ஒரு மாத்திரை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த மெட்டு ஆரம்பத்திலிருந்தே அந்தச் சொல்லுக்காகத்தான் காத்திருந்ததோ என்னவோ. பல்லவி இப்படி வந்தது:

விடியாத வேளை
படியேறு மோசை
பசியாறி யாச்சா
அதுதான பேச்சு

கடைசி வரியை முதலில் 'அதுதானே' என்றுதான் எழுதினேன். 'னே' நெடில், சந்தத்தை ஓர் இழை மீறுகிறது. வீட்டில் பேசும்போது 'அதுதான' என்று குறுக்கித்தான் சொல்கிறோம். அப்படியே பாடினேன். இலக்கணம் தெரிந்தவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

வேகமும் அம்மாவிடமிருந்தே வந்தது. முதலில் நிமிடத்துக்கு 84 தட்டு வைத்திருந்தோம். ஒரு மாலை அம்மா கடைக்குப் போய்விட்டு மேலே வரும்போது செருப்புச் சத்தத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து எண்ணினேன். முழங்கால் வலி இருக்கிறது அவருக்கு, நிதானமாகத்தான் ஏறுவார். நிமிடத்துக்கு 76. பாட்டை 76-க்கு இறக்கினோம். அண்ணன் முதலில் உறுமி சேர்க்கலாம் என்றார். தைப்பூசம் என்றால் எனக்கும் உறுமிதான் உயிர், ஆனால் விடியற்காலையில் தூங்குகிற பிளாட்டில் நடக்கிற பாட்டு இது. வேண்டாம் என்றேன். நைலான் தந்தி கிட்டார், மெல்லிய கீபோர்டு, தாளத்துக்கு அந்தச் செருப்புச் சத்தம் மட்டும்.

மைக்குக்கு முன்னால்

மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றேன். உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாதபடி கெய்ன், அதாவது மைக்கின் ஒலி ஏற்றம், வைத்தேன். 24 பிட்டில் பதிவு செய்யும்போது சத்தம் குறைவாக இருந்தாலும் நட்டமில்லை, பிறகு ஏற்றிக்கொள்ளலாம். எல்லை தாண்டி உடைந்த குரலைத்தான் ஒட்ட முடியாது. ஹெட்போனில் என் குரல் ஒரு கணம் பிந்திக் கேட்டு முன்பெல்லாம் தடுமாறுவேன். கணினி ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் பஃபரை 1024 மாதிரியிலிருந்து 128-க்குக் குறைத்ததும் அது போயிற்று. 48,000 மாதிரி வீதத்தில் 1024 என்றால் 21 மில்லி விநாடி, 128 என்றால் மூன்றுக்கும் கீழ். புளூடூத் ஹெட்போனை இந்த வேலைக்குத் தொடவே தொடாதீர்கள், தாமதம் அதிகம்.

'பசியாறி' தொடங்குவதே 'ப'வில். ஒவ்வொரு முறையும் மைக்கில் 'புப்' என்று காற்று முட்டியது. காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர் வலை இருந்தும் முட்டியது. கேட்டுக் கேட்டுப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. தமிழ் 'ப'வில் இயல்பாகவே காற்று குறைவு. உதட்டை மூடித் திறந்தால் போதும், ஊத வேண்டியதில்லை. மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று தள்ளித் தள்ளிப் பாடியதில் நான்தான் ஊதப் பழகியிருந்தேன். அம்மா கேட்கிற மாதிரி, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிற மாதிரிச் சொன்னதும் முட்டல் பாதியாகக் குறைந்தது. மைக்கைக் கொஞ்சம் சாய்த்து வாயின் ஓரத்தைப் பார்க்கும்படி வைத்ததில் மீதியும் போனது. 'சி'யில் வரும் சீறலை, குரலையும் இசையையும் கலக்கும்போது அண்ணன் 6,500 ஹெர்ட்ஸ் பக்கம் டி-எஸ்ஸர் என்ற சீறல் குறைப்பானால் லேசாகத் தட்டினார். நிறையத் தட்டினால் 'சி' மழுங்கி மழலையாகிவிடும்.

கவர் பாடும்போது ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்திப் பதிவு செய்வேன். இந்த முறை முழுப் பாட்டையும் ஒரே மூச்சாக ஒன்பது தடவை பாடினேன். வரித்தாளில் சிவப்புப் பேனாவால் மூச்சு வாங்கும் இடங்களைக் குறித்தபோது கை தயங்கியது. இது வரைக்கும் அந்த இடங்களை எனக்கு வேறு யாராவது முடிவு செய்து கொடுத்திருந்தார்கள். 'படியேறு' என்ற சொல்லுக்குப் பிறகு மூச்சு வாங்கினால் சொல் உடையும், வாங்காவிட்டால் அடுத்த வரிக்குக் காற்று போதாது. உடையட்டும் என்று விட்டேன். படியேறுகிறவர் நடுவில் நின்று மூச்சு வாங்குவார்தானே. ஏழாவது தடவையில் அந்த மூச்சு சத்தமாகவே விழுந்தது. அண்ணன் அதை அழிக்கவில்லை.

சுருதி திருத்தும் மென்பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. தானியங்கியாக, வேகமாக விட்டால் அது காந்தாரத்தின் அசைவைப் பிழை என்று நினைத்து நேராக்கிவிடுகிறது. சுத்த தன்யாசியில் காந்தாரத்தை நேராக்கினால் ராகத்தின் முகமே போயிற்று. ஆகவே தானியங்கியை அணைத்துவிட்டு, இரண்டாம் சரணத்தில் ஒரே ஒரு சுரத்தைக் கையால் நகர்த்தினேன். மற்றதெல்லாம் பாடியது பாடியபடி.

கலவையை அண்ணனே செய்தார். குரலில் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழ் வெட்டினார், 300 பக்கம் பெட்டிக்குள் பாடுகிற மாதிரி இருந்ததைக் கொஞ்சம் குறைத்தார். மொத்தச் சத்தம், காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் எல்.யூ.எஃப்.எஸ். அலகில், மைனஸ் 14-இல் நின்றது. ஸ்பாட்டிஃபை இயல்பாக ஒலிக்கும் அளவும் அதுதான். அதற்கு மேல் அடித்து ஏற்றினால் அங்கே போனதும் இறக்கிவிடுவார்கள். கைப்பேசியிலும் என் மாமாவின் காரிலும் கேட்டுப் பார்த்துத் திருத்தினோம்.

காகித வேலை

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், நானும் விட இருந்தேன். ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் உண்டு. மெட்டும் வரியும் ஒன்று, பதிவு செய்த ஒலி இன்னொன்று. என் 31 கவர் பாடல்கள் எதிலும் முதல் உரிமை எனக்குச் சொந்தமில்லை. மைனஸ் ஒன் டிராக் என்னுடையதல்லாததால் இரண்டாவதும் முழுசாக இல்லை. விளம்பர வருமானம் உரிமையாளர்களுக்குப் போனது நியாயம்தான். இப்போது இரண்டும் எங்கள் கையில். பாடி முடித்து, பாட்டு வெளிவருவதற்கு முன்பாகவே நானும் அண்ணனும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். வரி முழுக்க என்னுடையது, இசையில் ஆளுக்குப் பாதி. ஆக மொத்தத்தில் எனக்கு 75, அவருக்கு 25. அடையாள அட்டை எண், தேதி எல்லாம் எழுதினோம். அண்ணன் முதலில், "நமக்குள்ள எதுக்கும்மா இதெல்லாம்" என்றார். நமக்குள் இருப்பதால்தான் எழுத வேண்டும் என்றேன்.

மலேசியாவில் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி பாட்டை எழுதியோ பதிவு செய்தோ வைத்தவுடனே உரிமை தானாக வந்துவிடுகிறது. சான்று வேண்டும் என்பவர்கள் அறிவுசார் சொத்துக் கழகமான மை-ஐ.பி.ஓ.வில் தாமாகவே அறிவிப்புச் செய்து வைக்கலாம், 2012 முதல் அந்த வசதி இருக்கிறது. வானொலியிலோ மேடையிலோ பாட்டு ஒலித்தால் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் சேர வேண்டிய தொகையை வசூலித்துத் தருவது எம்.ஏ.சி.பி. என்ற அமைப்பு, 1989-இல் தொடங்கப்பட்டது. அதில் சேர்வதற்கான படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'பாடலாசிரியர்' என்று எழுதினேன். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்கு அனுப்பும் விநியோக நிறுவனம் அதற்கு ஐ.எஸ்.ஆர்.சி. என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த 12 இடக் குறியீடு கொடுக்கும், அந்த ஒலிப்பதிவுக்கு அதுதான் அடையாளம். ஸ்பாட்டிஃபை தொகுப்பாளர்களின் பார்வைக்கு அனுப்ப வேண்டுமானால் வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பே பாட்டு அங்கே இருக்க வேண்டும். நான் நான்கு வாரம் முன்பே ஏற்றினேன். 2024 முதல் பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு அவர்கள் பணம் தருவதில்லை. ஆயிரம் என்பது கவர் பாடலுக்கு ஒரு ராத்திரிக் கணக்கு. சொந்தப் பாட்டுக்கு ஒவ்வொருவராகக் கைபிடித்துக் கூட்டி வர வேண்டும். மின்னல் எஃப்.எம்., ராகா வானொலிகளுக்கு அனுப்பத் தனியாகச் சுத்தமான வேவ் கோப்பு, வரித்தாள், எழுதியவர், இசையமைத்தவர் விவரம் எல்லாம் ஒரே உறையில் தயார் செய்து வைத்திருக்கிறேன்.

அம்மா கேட்டது

எல்லாம் முடிந்தது என்று நினைத்த பிறகுதான் அம்மாவிடம் முழுப் பாட்டையும் போட்டுக் காட்டினேன். அதுவரை கதவுக்கு வெளியே துண்டு துண்டாகக் கேட்டவர். ஹெட்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். பல்லவியில் கண் கலங்கியது. முதல் சரணம் 'மணியாறு ஆச்சு, மறுவேளை போச்சு' என்று தொடங்கும். அங்கே வந்ததும் ஹெட்போனைக் கழற்றினார்.

"ஆறு மணிக்கு நான் எங்கடி வந்தேன்? அப்பதான் வேலையே முடியும். பஸ்ஸு கீழ வந்து நிக்கிறப்ப ஆறே முக்கால்."

"அம்மா, பாட்டுக்கு ஆறுன்னு வச்சுக்கலாம்மா."

"நான் ஒரு நாளும் ஆறு மணிக்கு வந்ததில்ல. ஆறே முக்காலுக்கு வருவேன், ஆறு அம்பதுக்கு நீ கெளம்பிடுவ. அஞ்சு நிமிஷம்தான். அத மாத்தாத."

நோட்டை எடுத்தேன். 'மணியாறே முக்கால்.' 'றே' நெடில், சந்தத்தை மீறுகிறது. வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். 'அதுதான' போலவே 'றே'யைக் குறுக்கினால் அடங்குகிறது. மறுநாள் சனிக்கிழமை. பலகைகளைப் பழைய இடத்தில் நிறுத்தி, தரையில் ஒட்டி வைத்திருந்த டேப் அடையாளத்தில் நின்று, சார்ஜரைப் பிடுங்கி, விசிறியை அணைத்து, அந்த ஒரு வரியை நான்கு தடவை பாடினேன். மூன்றாவது பொருந்தியது. அண்ணன் அதை ஒட்டி, கலவையை மறுபடி இறக்கி அனுப்பினார். விநியோகத் தளத்தில் பழைய கோப்பை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றினேன். வெளியீட்டுத் தேதியை ஒரு வாரம் தள்ளி வைத்திருக்கிறேன்.